வீட்டிலிருந்தே பௌதிகம் பயிலுதல்

சேலத்திலிருந்து தருமபுரி வழியாகப் பெங்களூர் செல்லும் ரயில் பாதையில், பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் இடையே அமைந்திருப்பது மாரண்டஹள்ளி. பேரூராட்சியான இவ்வூரைச் சுற்றிலுமுள்ள கிராமங்களில் தக்காளியும் மாவும் தென்னையும் பயிராகின்றன. பஞ்சப்பள்ளிச் சின்னாறு அணையின் நீர் எட்டாத மேட்டு நிலங்களுக்குக் கிணறும் ஆழ்குழாயுமே கதி. ஆகவே இப்பக்கத்துக் குடியானவர்களின் பேச்சில் மோட்டார், குதிரைத்திறன், அழுத்தம், வோல்டேஜ், யூனிட் என்னும் சொற்கள் நாள்தோறும் அடிபடுகின்றன. இவை யாவும் பௌதிக சாஸ்திரத்தின் சொற்களாகும். இக்காலப் பாடப் புத்தகங்கள் இதனையே இயற்பியல் என்று வழங்குகின்றன.

எனினும், பௌதிகம் என்றதும் நம்மில் பெரும்பாலோர் ஒதுங்கி நிற்கிறோம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் பிரிவுகளாகப் பிரிந்து செல்கின்றனர். வணிகவியலோ வரலாறோ எடுத்துக்கொண்டவர் அன்றோடு பௌதிகத்திற்கு விடை கொடுத்துவிடுகிறார். பதினைந்து வயதில் நிகழும் இப்பிரிவினை ஆயுள் முழுதும் நிலைத்துவிடுகிறது.

மாரண்டஹள்ளிக்கு அருகில் ஒரு கிராமத்தில், தருமபுரிக்குச் சென்று பி.காம். படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் தந்தை ஆழ்குழாய்க்குப் புதிய மோட்டார் வாங்கப் புறப்படுகிறார்.

"அப்பா, ஐந்து குதிரைத்திறன் போதாதா? ஏழரை எதற்கு?" என்று மகள் கேட்கிறாள்.

"கடைக்காரர் ஏழரை போடச் சொல்கிறார், கண்ணு. பெரிய மோட்டார் போட்டால் தண்ணீரும் கூட வரும் அல்லவா? நீ படிப்பது கணக்கு வழக்கு. இது மோட்டார் விஷயம்."

பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது. பல ஆயிரம் ரூபாய்ச் செலவுக்குரிய தீர்மானம், வீட்டில் ஒருவருக்கும் விளங்காத ஒன்றின்மேல் செய்யப்படுகிறது. பஞ்சாயத்துக் கூட்டத்திலும் நிலைமை இதுவேதான். மேல்நிலைத் தொட்டி, தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் ஆகியவற்றைப் பற்றிய பொருள்கள் வரும்போது அங்கத்தினர்கள் மதிப்பீட்டுத் தாளின் கடைசித் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுகின்றனர். அத்தொகை எவ்வாறு வந்தது என்று கேட்பதற்கு வேண்டிய பௌதிகம் மிகக் கொஞ்சமே. அந்தக் கொஞ்சத்தைக் கைப்பேசியின் வாயிலாகவே இன்று கற்றுக்கொள்ள இயலும் என்பதையும், அதற்கு ஊரார் செய்ய வேண்டிய ஏற்பாடு என்ன என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

கணக்கைப் பின்னே வைத்த பாடம்

அறிவியல் மாணவரல்லாதார்க்கென்றே அமைந்த பௌதிகப் பாடம் நெடுநாளாக இருந்து வருவது. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த பால் ஹெவிட் என்பவர் 1971ஆம் ஆண்டில் 'கருத்துநிலைப் பௌதிகம்' என்று பொருள்படும் பாடநூலை வெளியிட்டார். இவர் இளமையில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். வயது சென்ற பின்னரே கல்லூரியில் சேர்ந்தவர். பொருள் முதலில் விளங்க வேண்டும், சமன்பாடு பிறகு வரலாம் என்பது அவருடைய கொள்கை. வகுப்பில் ஒரு கேள்வியைக் கேட்டு, விடையைத் தாம் கூறுமுன் பக்கத்திலிருப்பவருடன் கலந்து பேசுமாறு மாணவர்களை ஏவுவார். அவருடைய விரிவுரைகள் படம் பிடிக்கப்பட்டு இன்று இணையத்தில் காணக் கிடைக்கின்றன.

வர்ஜினியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயி புளூம்ஃபீல்டு நடத்தும் இணையவழிப் பாடம் இதைப் போன்ற மற்றொன்று. சறுக்குதல், விழும் பந்து, சாய்தளம், சீசாப் பலகை, சக்கரம், மோதும் வண்டி என்று கண்ணால் காணும் பொருள்களையே அவர் அத்தியாயங்களாக வைத்திருக்கிறார். விதிகள் அப்பொருள்களினூடே வந்து சேர்கின்றன.

'கணக்கில்லாத பௌதிகம் அரைகுறைப் பௌதிகமன்றோ?' என்று சிலர் ஐயுறலாம். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் மாசூர் கண்ட அனுபவம் இங்குக் கூறத்தக்கது. 1990ஆம் ஆண்டையொட்டி அவர் தம் மாணவர்களுக்கு எண்களே இல்லாத எளிய வினாக்கள் சிலவற்றைக் கொடுத்தார். பாரம் ஏற்றிய தக்காளி லாரியும் ஒரு சிறு காரும் நேருக்கு நேர் மோதினால் எது எதன்மேல் அதிக விசையைச் செலுத்தும் என்பது போன்ற வினாக்கள் அவை. தக்காளி நாம் சேர்த்தது. லாரியும் காரும் அவருடையவை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சம விசையையே செலுத்தும் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. கடினமான கணக்குகளையெல்லாம் போட்டுத் தேறிய மாணவர்கள் இவ்வினாக்களில் இடறி விழுந்தனர். நீங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா, நான் நினைக்கிறபடி எழுதுவதா என்று ஒரு மாணவி கேட்டாளாம். சூத்திரம் மனப்பாடமாயிருந்தாலும் கருத்து பழைய இடத்திலேயே இருந்தது என்பதை அவர் அன்று கண்டுகொண்டார். எனவே, வணிகவியல் படித்த பெண் கருத்திலிருந்து தொடங்குவாளாயின் அவளுக்கு இழிவு ஏதும் இல்லை.

கிணற்றில் பிறந்த கேள்வி

இப்பாடத்தின் போக்கை விளக்க நம் கிணற்றையே எடுத்துக்கொள்வோம். கிணற்று மேட்டில் மோட்டாரை வைத்துக் குழாயைக் கீழே இறக்கினால், நீர்மட்டம் ஏழெட்டு மீட்டருக்குக் கீழே போனதும் தண்ணீர் ஏறுவதில்லை. இதனாலேயே கிணற்றின் நடுவே மேடையமைத்து மோட்டாரை இறக்கி வைக்கிறோம். மோட்டாருக்குச் 'சக்தி போதவில்லை' என்று கூறுவது வழக்கம். அப்படியாயின் நூறு குதிரைத்திறன் மோட்டாரை மேட்டிலே வைத்தால் இழுக்குமோ? இழுக்காது.

இக்கேள்வி நமக்கு முன்பே இத்தாலி தேசத்துக் கிணறு வெட்டுவோருக்கு எழுந்தது. உறிஞ்சு குழாயால் பதினெட்டு முழத்திற்குமேல், அதாவது ஏறத்தாழ 10 மீட்டருக்குமேல், நீரை ஏற்ற முடியவில்லை என்ற செய்தியைக் கலிலியோ 1638இல் வெளியான தம் நூலில் குறித்துள்ளார். அவருக்குப் பின்வந்த தாரிசெல்லி 1643ஆம் ஆண்டில் இதன் காரணத்தைக் கண்டார். பம்பு நீரை இழுப்பதேயில்லை. குழாயிலுள்ள காற்றை அது வெளியேற்றுகிறது. அப்போது கிணற்று நீரின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்று, நீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. நம் தலைமேலுள்ள காற்றுக் கடல் முழுவதன் எடையும் 10.3 மீட்டர் நீர்த்தூணின் எடைக்குச் சமம். அதற்குமேல் தள்ளக் காற்றுக்கு வலுவில்லை. குழாய்க் கசிவும் உராய்வும் சேரவே, நடைமுறையில் எல்லை ஏழெட்டு மீட்டராகக் குறைகிறது.

மலைமேல் ஏறினால் நம்மீதுள்ள காற்றின் உயரம் குறையுமே, அழுத்தமும் குறைய வேண்டுமே என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் எண்ணினார். 1648இல் அவருடைய மைத்துனர் பாதரசக் குழாயுடன் ஒரு மலைமேல் ஏறிப் பார்த்து அது மெய்யென்று கண்டார். ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்று 9.2 மீட்டர் நீரையே தாங்கும். தருமபுரி மாவட்டத்து மேட்டுப் பகுதியில் வாழ்வோர், கடலோரத்துக் குடியானவரைக் காட்டிலும் சிறிது குறைவான உறிஞ்சு உயரத்தையே பெறுவர் என்பது இதனால் பெறப்படும்.

சப்மர்சிபிள் என்று வழங்கும் நீர்மூழ்கி மோட்டாருக்கு இந்த எல்லை இல்லை. அது அடியில் கிடந்து நீரை மேலே தள்ளுகிறது. காற்றின் தயவு அதற்கு வேண்டியதில்லை. கம்ப்ரசர் மோட்டாரோ குழாயின் அடிக்குக் காற்றைச் செலுத்துகிறது. நீரும் காற்றுக் குமிழிகளும் கலந்த கலவை எவ்வாறு தானே மேலேறுகிறது என்ற கேள்வியை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறேன். நெல் விதையைத் தேர்ந்தெடுக்க, முட்டை மிதக்குமளவு உப்பைக் கரைத்துப் பதரை மிதக்கவிடும் வழக்கத்தை அறிந்தவர்க்கு விடை பாதி தெரிந்ததே.

இனிப் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வினா. ஒரே உயரமுள்ள தூண்களின்மேல் இரண்டு தொட்டிகள் உள்ளன. ஒன்று 10,000 லிட்டர், மற்றொன்று 30,000 லிட்டர் கொள்ளும். இரண்டிலும் நீர்மட்டம் தரையிலிருந்து ஒரே உயரத்தில் நிற்கிறது. எதன் குழாயில் அழுத்தம் அதிகம்? பெரிய தொட்டி என்றே பெரும்பாலோர் கூறுவர். அழுத்தம் நீர்மட்டத்தின் உயரத்தை மட்டுமே பொறுத்தது. தொட்டியின் அகலத்தைப் பொறுத்ததன்று. பத்து மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் வீதம் அழுத்தம் கிடைக்கும். கடைக்கோடித் தெருவில் தண்ணீர் வரவில்லையென்று பெரிய தொட்டி கட்டத் தீர்மானம் போட்டால், நீர் அதிகம் சேமிக்கப்படுமேயன்றிக் கடைக்கோடிக் குழாயின் வேகம் கூடாது. அங்கே குற்றவாளி பெரும்பாலும் குழாயின் விட்டமேயாகும். ஓடும் நீர் குழாய்ச் சுவரில் உராய்ந்து அழுத்தத்தை இழக்கிறது. விட்டத்தைப் பாதியாக்கி அதே அளவு நீரை அனுப்ப முயன்றால், இந்த இழப்பு ஏறத்தாழ முப்பது மடங்காகப் பெருகும். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மெலிந்த குழாயை மலிவென்று வாங்குபவரும் இக்கணக்கை மனத்தில் வைத்தல் நலம்.

மகள் போட்ட கணக்கு

முன் கூறிய தந்தையிடம் திரும்புவோம். அவருடைய ஆழ்குழாயில் மோட்டார் ஓடும்போது நீர்மட்டம் 60 மீட்டர் ஆழத்தில், அதாவது சுமார் 200 அடியில், நிற்கிறது என்க. விநாடிக்கு 3 லிட்டர் நீர் ஊறுகிறது. மூன்று லிட்டர் நீரின் நிறை மூன்று கிலோகிராம். ஒரு கிலோகிராமை ஒரு மீட்டர் உயர்த்த 9.8 ஜூல் ஆற்றல் வேண்டும். ஆக, மூன்றை 9.8ஆலும், பின் 60ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 1,760 வாட் கிடைக்கும். பம்பிலும் குழாயிலும் பாதி வீணாகும் என்று தாராளமாகக் கொண்டால் 3,500 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட் ஆகையால், விடை 4.7 குதிரைத்திறன். ஐந்து போதும். ஏழரை வைத்தாலும் ஊற்று விநாடிக்கு மூன்று லிட்டருக்குமேல் தராது. மட்டம் சரசரவென்று இறங்கி மோட்டார் நீரின்றி ஓடிச் சுருள் கருகுவதற்கே வழியாகும். இங்கு வந்த கணக்கு பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே. பி.காம். படிக்கும் பெண்ணுக்கு இது விளையாட்டு.

இதே கணக்கு பஞ்சாயத்தின் மின்கட்டணத்துக்கும் உதவும். 10,000 லிட்டர் நீரை 60 மீட்டர் உயர்த்த இயற்கை கேட்கும் ஆற்றல் 1.6 யூனிட் அளவே. பம்பு, மோட்டார், குழாய் ஆகியவற்றின் இழப்புகளைச் சேர்த்து நான்கு யூனிட் வரை ஆகலாம். மீட்டர் எட்டு யூனிட் காட்டுமானால், பலமுறை சுருள் மாற்றிய மோட்டாரோ, தேய்ந்த பம்போ, மண்ணுக்குள் கசியும் குழாயோ எங்கோ காத்திருக்கிறது என்று பொருள். வாட் என்பது ஆற்றல் செலவாகும் வேகம். யூனிட் என்பது செலவான மொத்தம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே விளக்குக் கொள்முதலில் தவறுகளுக்குக் காரணம். நூறு தெருவிளக்குகள் நாளுக்குப் பன்னிரண்டு மணிநேரம் எரிந்தால், 20 வாட் எல்.ஈ.டி. விளக்குகளுக்கு மாதம் 720 யூனிட் செல்லும். பழைய குழல் விளக்கு சோக்குடன் 50 வாட் வாங்கும். அதற்கு 1,800 யூனிட்.

தக்காளி விலை சரியும் நாள்களில், பறித்ததைச் சில நாள் வைத்துக் காக்க முடியுமா என்று ஏங்காதவர் இப்பக்கத்தில் இல்லை. டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் மின்சாரம் வேண்டாத குளிரறை ஒன்றை வகுத்துத் தந்திருக்கிறது. இரட்டைச் செங்கல் சுவர் எழுப்பி, இடையில் மணல் நிரப்பி, அம்மணலை ஈரமாக வைத்திருப்பதே அதன் அமைப்பு. மண்பானை நீர் குளிர்வது போலவே, நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் உள்ளே குளிர்கிறது. கருத்தை அறிந்தவர் இதன் எல்லையையும் அறிவார். உலர்ந்த காற்றுள்ள கோடையில் இது நன்றாக வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை மாதத்து ஈரக் காற்றில் நீர் ஆவியாவது குறையுமாதலால் குளிர்ச்சியும் குறையும். விலை வீழ்ச்சிக்கு இது மருந்து ஆகாது. இரண்டொரு நாள் பொறுக்க இடம் தரும், அவ்வளவே.

பாடம் எங்கே கிடைக்கிறது

மத்திய அரசின் 'ஸ்வயம்' என்னும் இணையவழிக் கல்வித் தளம் 2017ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னரே, 2003இல், ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 'என்.பி.டெல்' என்ற திட்டத்தைத் தொடங்கின. சென்னை ஐ.ஐ.டி. இதில் முதன்மையான பங்கு வகிக்கிறது. பாடத்தில் சேரவும் விரிவுரைகளைக் காணவும் கட்டணமில்லை. சான்றிதழ் வேண்டித் தேர்வு எழுதுபவர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்தி, குறித்த மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. என்.பி.டெல்லில் உள்ள பௌதிகப் பாடங்கள் பெரும்பாலும் பி.எஸ்ஸி., பொறியியல் மாணவர்களுக்கு உரியவை. நுண்கணிதம் தெரியாதவர் இரண்டாம் வாரத்திலேயே திகைத்து நிற்பர். பாடத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேராமல், முதல் பக்கத்தில் முன்தேவை என்று குறித்திருப்பதைப் படித்தறிதல் வேண்டும். முதன்முதலில் தொடங்குவோர், ஸ்வயம் தளத்தில் என்.சி.ஈ.ஆர்.டி.யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமும் அளிக்கும் பள்ளி வகுப்புப் பாடங்களைப் பார்க்கலாம். இணைய வசதி குறைந்த வீடுகளுக்கென 'ஸ்வயம் பிரபா' என்ற தொலைக்காட்சி அலைவரிசைகள் அதே நாளில் தொடங்கப்பெற்றன.

மொழி ஒரு பெரிய தடையே. ஹெவிட், புளூம்ஃபீல்டு ஆகியோர் பேசுவது ஆங்கிலம். அதுவும் அவர்கள் நாட்டு ஆங்கிலம். இதற்கு நான் கண்ட எளிய வழி, தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆறு முதல் பத்து வரையிலான அறிவியல் நூல்களின் பௌதிகப் பகுதிகளை முதலில் தமிழில் படித்துவிட்டு, அதன்பின் அதே பொருளைப் பற்றிய ஆங்கிலக் காட்சியைக் காண்பதாகும். பொருள் முன்பே தெரிந்திருந்தால் அயல்மொழிச் சொற்கள் தாமே பிடிபடும். பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்தாம் வகுப்பு நூலை மீண்டும் கையிலெடுப்பதில் கல்லூரி மாணவர் வெட்கப்பட வேண்டியதில்லை. கிராம நிர்வாக அலுவலர் பதவியை உள்ளடக்கிய நான்காம் தொகுதித் தேர்வின் பொது அறிவியல் பகுதிக்கும் அந்த நூல்களே அடிப்படை.

கல்லூரியில் பயில்வோர் மற்றொன்றையும் விசாரித்தறியலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு பருவத்தின் பாட மதிப்பில் 40 சதவீதம் வரை ஸ்வயம் பாடங்கள் மூலம் பெற இடமுண்டு. கல்லூரி அப்பாடத்தை ஏற்றுக்கொண்டதா என்பதைச் சேருமுன்னரே கேட்டு எழுத்தில் பெறுதல் நன்று.

காண்பதும் கற்பதும்

இணையவழிப் பாடத்தைப் புகழ்ந்து கூறுவோர் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2012இல் மின்சுற்றுகளைப் பற்றி நடத்திய முதல் திறந்த இணையவழிப் பாடத்தில் ஏறத்தாழ 1,55,000 பேர் பதிவு செய்துகொண்டனர். தேறிச் சான்றிதழ் பெற்றவர் 7,157 பேர். நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. தனியே அமர்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குச் சோர்வு விரைவில் வந்துவிடுகிறது.

முழுதும் பார்த்தவரும் கற்றுவிட்டார் என்பதற்கில்லை. சிட்னி பல்கலைக்கழகத்தில் டெரிக் முல்லர் என்பவர் பௌதிகக் காட்சிப் பாடங்களை ஆராய்ந்து 2008இல் முனைவர் பட்டம் பெற்றார். தெளிவாகவும் இனிமையாகவும் விளக்கிய காட்சியைக் கண்ட மாணவர்கள், நன்றாகப் புரிந்தது என்றனர். ஆனால் அவர்களது தேர்வு விடைகள் முன்னைப்போலவே இருந்தன. மக்களிடையே உள்ள தவறான எண்ணத்தை முதலில் எடுத்துக் கூறி அதனை மறுத்து விளக்கிய காட்சியைக் கண்டவர்கள், குழப்பமாயிருந்தது என்றனர். எனினும் அவர்களே மிகுதியாகக் கற்றிருந்தனர். ஆகவே காட்சியைக் காணுமுன், இது என்னவாகும் என்று தாமே ஒரு விடையைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது அவசியம். எழுதிய விடை பொய்க்கும்போது ஏற்படும் உறுத்தல்தான் கருத்தை அசைக்கிறது.

மேற்கூறிய அமெரிக்கப் பாடத்தில் முழு மதிப்பெண் பெற்ற 340 பேரில் ஒருவர், மங்கோலியா நாட்டின் உலான்பாதர் நகரைச் சேர்ந்த பதினைந்து வயதுப் பள்ளி மாணவர். இதனைக் கைப்பேசியின் மகிமை என்று பலரும் எழுதினர். உண்மையில் அவருடைய பள்ளித் தலைமையாசிரியர் மாணவர்களை ஒன்றாகச் சேர்த்து அந்தப் பாடத்தை நடத்தினார். பரிசோதனைக் கருவிகளைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு உதவியாளர் ஒருவரும் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். விரிவுரை தொலைவிலிருந்து வந்தது. கூடி உட்கார இடமும், கேட்டால் பதில் சொல்ல ஆளும், கையில் தொட்டுப் பார்க்கப் பொருளும் உள்ளூரிலேயே இருந்தன.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

இம்மூன்றையும் தருவது ஒரு கிராமப் பஞ்சாயத்துக்கு இயலாத காரியமன்று. 2006 முதல் 2011 வரை அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ்க் கிராமப் பஞ்சாயத்துகளில் நூலகங்கள் கட்டப்பட்டன. அவற்றுள் சில மாலை வேளையில் பூட்டியே கிடப்பதை வாசகர்கள் அறிவர். வாரம் ஒரு மாலை இரண்டு மணிநேரம் அதைத் திறந்துவைத்து, ஒரு விளக்கும் சில நாற்காலிகளும் போட்டால் இடம் ஆயிற்று. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கம்பியால் இணைப்பதை நோக்கமாகக் கொண்டு ஒரு திட்டம் நடைபெற்று வருகிறது. தம் ஊர் அலுவலகத்துக்கு அந்த இணைப்பு வந்துவிட்டதா, வந்திருப்பின் வேலை செய்கிறதா என்பதை அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே கேட்கலாம். இணைப்பு இல்லாத ஊரில், ஒருவர் வீட்டில் பதிவிறக்கிய காட்சியைப் பெரிய திரையில் காட்டினால் போதும்.

உதவியாளராக இருப்பவர் பௌதிகப் பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரோ, தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணி பயின்ற இளைஞரோ, மோட்டார் சுருள் கட்டும் தொழிலாளியோ இருக்கலாம். கடைசியில் கூறியவர் வகுப்புக்கு வந்தால் மாணவர் அவரிடம் கற்பதும், அவர் மாணவரிடம் கற்பதும் ஒருங்கே நிகழும். பெண் பிள்ளைகள் வந்து செல்ல உகந்த நேரமாக வைப்பது முக்கியம். பல வீடுகளில் கைப்பேசி ஒன்றே உண்டு. அது அண்ணன் கையிலோ அப்பா கையிலோ இருக்கிறது. பொது இடத்துத் திரை இல்லாவிடில் இப்பாடம் அவர்களை எட்டாது.

பணம் கட்டினால் சான்றிதழ் உறுதி என்று கைப்பேசியில் வரும் விளம்பரங்களை நம்பலாகாது. வீட்டு மின்சாரத்தைக் கொண்டு எந்தச் சோதனையும் செய்யலாகாது. டார்ச் விளக்கின் பாட்டரியே மின்சாரப் பாடம் முழுமைக்கும் போதுமானது. பழைய பொருள்களைக் கொண்டு அறிவியல் விளையாட்டுக் கருவிகள் செய்யக் கற்பித்தமைக்காக 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அரவிந்த் குப்தாவின் செய்முறைகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. தீக்குச்சி, சைக்கிள் டியூப், காலிப் பாட்டில் ஆகியவற்றுக்கு மேல் அவற்றுள் பலவற்றுக்குச் செலவில்லை.

முதல் மாலைக்கு வேண்டியவை ஒரு குவளை, ஒரு அட்டைத் துண்டு, அகலம் வேறுபட்ட இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்கள், ஓர் ஊசி, ஒரு வாளி நீர். குவளையை நீரால் நிரப்பி, அட்டையால் மூடிக் கவிழ்த்தால் நீர் கொட்டுமா என்று முதலில் எல்லாரும் எழுதிக் கொடுக்கட்டும். பிறகு இரண்டு பாட்டில்களிலும் அடியிலிருந்து ஒரே உயரத்தில் ஊசியால் துளையிட்டு, ஒரே மட்டத்துக்கு நீர் ஊற்றி, எதன் தாரை தொலைவில் விழும் என்று கேட்கலாம். எழுதிய விடைகளைப் படித்துக்காட்டி, அதன்பின் சோதனையைச் செய்து, கடைசியில் காட்சியைப் போட வேண்டும். கலையுமுன், அடுத்த வாரத்துக்கு அவரவர் வீட்டு மின்மீட்டரின் எண்ணைக் காலையிலும் மாலையிலும் குறித்து வருமாறு சொல்லி அனுப்பலாம். ஊர்க் குடிநீர் மோட்டாரின் மீட்டரை ஓர் அங்கத்தினரே குறித்து வரட்டும்.